கமரா எந்தத் துறையில் இறங்குகிறது?

குறிகட்டுவானில் லோஞ்சு ஏறினால் நயினாதீவில் இறங்க இரண்டு துறைகள் உண்டு. ஒன்று நாகபூசணி அம்மன் கோயிலடி, மற்றது நாகவிகாரையடி. கரையோரமாக நடந்தால் இரண்டுக்கும் இடையில் பத்து நிமிடம்தான். தெற்கிலிருந்து வெள்ளை உடுத்துப் பூத்தட்டோடு வருகிற சனத்தில் கனபேர் விகாரையில் கும்பிட்டுவிட்டு அந்தப் பத்து நிமிடத்தையும் நடந்து வந்து அம்மனையும் கும்பிட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். படம் எடுக்க வருகிறவர்கள் அப்படி நடப்பது குறைவு. அலுமினியப் பெட்டிகளை எந்தத் துறையில் இறக்குகிறார்களோ, பெரும்பாலும் படமும் அந்தத் துறையோடு நின்றுவிடும். கோயிலடியில் இறங்கியவர்களின் படத்தில் விகாரை எட்டத்தில், ஒரு கடற்படைச் சிப்பாயின் தோளுக்குப் பின்னால் தெரியும். விகாரையடியில் இறங்கியவர்களின் படத்தில் கோபுரம் கடலோரத்து அலங்காரமாக வந்து போகும். அதன் கீழே மனிதர் இருக்கிறார்கள் என்பதே தெரியாது.

சில வருஷங்களுக்கு முன் அப்படி வந்த ஒரு குழுவுக்கு நான் மொழிபெயர்ப்பாளனாகப் போனேன். வடக்கில் மதத்தின் பேரால் நிலம் எப்படிக் கைமாறுகிறது என்பதுதான் அவர்களின் கதை. எனக்கும் உடன்பாடான கதை, அதனால்தான் போனேன். கோயில் வெளிவீதிக்குக் கிட்ட ஒரு வேப்பமர நிழலில் ஓர் அப்புவைப் பிடித்துக் கதிரையில் இருத்தினோம். தீவுப்பகுதியின் பழைய ஆட்கள் பலரைப்போல அவரும் சிங்கள ஊரில் கடை வைத்திருந்தவர். சுருட்டுக்கடையில் பெடியனாகச் சேர்ந்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டு, 83 ஆடியோடு கடையும் போய் வெறுங்கையோடு ஊருக்கு வந்தவர். சிங்களம் தண்ணீர்மாதிரிப் பேசுவார். இயக்குநர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: புத்தர் இங்கே வந்ததாகச் சொல்கிறார்களே, நீங்கள் நம்புகிறீர்களா?

அப்பு சிரித்தார். "வந்திருக்கலாம் தம்பி. ஆர் கண்டது? ஆனா என்னத்துக்கு வந்தவர் எண்டு அவையின்ர புத்தகமே சொல்லுது. ஒரு கதிரைக்கு மாமனும் மருமோனும் அடிபட்டவை. விலக்குப் பிடிக்க வந்தவர். இப்ப வந்தாலும் அவருக்கு இஞ்ச நல்ல வேலை இருக்கு."

பிறகு நாற்பது நிமிடம் கதைத்தார். தன் கடையில் கடனுக்குச் சீனி வாங்கி மாத முடிவில் தவறாமல் காசு கொண்டுவந்து தருகிற பிக்கு ஒருவரைப் பற்றிச் சொன்னார். கடை எரிந்த இரவில் தன்னை வீட்டின் பின்னறையில் வைத்துப் பூட்டிய சிங்களப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். எரித்தவர்களில் முகம் தெரிந்தவர்களும் இருந்தார்கள் என்றார். பிறகு காணிக் கதை வந்தது. அப்போதுதான் குரல் ஏறியது. "எங்கட காணிக்குள்ள போறதுக்கு நாங்கள் ஆரிட்டைக் கேக்கோணும்?"

படம் வெளிவந்தபோது அந்தக் கடைசி வரிதான் இருந்தது. பதினான்கு விநாடி. அதற்குப் பின்னால் கறுத்த மேகம், பறை ஒலி, விகாரையின் வெண்தூபி. புத்தர் வந்திருக்கலாம் என்ற பேச்சு இல்லை. சீனி வாங்கிய பிக்கு இல்லை. பின்னறையில் பூட்டிய பெண்ணும் இல்லை. படத்தில் பொய் என்று சுட்ட ஒரு சொல்லும் கிடையாது. அப்பு சொன்னதைத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பதினான்கு விநாடியில் இருந்தவர் நான் கண்ட அப்பு இல்லை. எந்த ஊரிலும் கிடைக்கக்கூடிய ஒரு கோபக்காரக் கிழவர்.

இயக்குநரிடம் கேட்டேன். படம் 52 நிமிடம்தான், அப்பு கொஞ்சம் சிக்கலான ஆள், பார்க்கிறவர்கள் குழம்பிவிடுவார்கள் என்றார். அந்தப் படத்தை அப்புவுக்குப் போட்டுக்காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆர் செய்த படம்? எங்கள் பக்கம் நின்று செய்த படம். இதை இங்கே எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

மதத்தை விமர்சிக்கிற ஆவணப்படங்களைப் பற்றி வாக்குவாதம் வருகிறபோதெல்லாம் ஒரு தரப்பு 'புண்பட்டது' என்று கத்துகிறது, மறு தரப்பு 'கருத்துச் சுதந்திரம்' என்று கத்துகிறது. நடுவில் படத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. அது எப்படிச் செய்யப்பட்டது, ஆரிடம் கேட்டார்கள், ஆரை விட்டார்கள் என்று கேட்க ஆளில்லை.

அப்பு சொன்ன கதிரைக் கதைக்கு வருவோம். மகாவம்சம் சொல்வது இது: மகோதரன், சூளோதரன் என்ற நாக அரசர்கள், மாமனும் மருமகனும், மணி பதித்த ஓர் ஆசனத்துக்காகப் போருக்கு நின்றபோது, ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில் புத்தர் நாகதீபத்துக்கு வந்து சமாதானம் செய்தார். சிங்கள பௌத்தர்களின் பதினாறு புனிதத் தலங்களில் நாகதீபத்துக்கு இரண்டாவது இடம். இதே கதை, ஆசனத்துக்கு அடிபட்ட நாக அரசர்களும் விலக்குப் பிடித்த புத்தரும், தமிழில் மணிமேகலையிலும் இருக்கிறது. அங்கே தீவின் பெயர் மணிபல்லவம். மணிபல்லவம் நயினாதீவுதானா என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் நயினாதீவார் அதை எப்போதோ தங்கள் ஊராக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அம்மன் கோயிலில் ஆயிரக்கணக்கானோர் சாப்பிடுகிற மடத்தின் பெயர் அமுதசுரபி அன்னதான மண்டபம். ஒரு பௌத்த காவியத்தின் பிச்சைப் பாத்திரம் ஒரு சைவக் கோயிலின் சோற்று மண்டபத்துக்குப் பெயராகியிருக்கிறது. எந்தப் படத்திலாவது இதைக் காட்டியிருக்கிறார்களா? நான் காணவில்லை. காட்டினால் இரண்டு துறைக்காரருக்கும் கதை குழம்பும்.

அதே கோயிலில் ஒரு கல்வெட்டும் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்தது, பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் படித்து வெளியிட்டார். பொலன்னறுவையில் இருந்த பௌத்த அரசன் தமிழில் எழுதுவித்த சட்டம் அது. பரதேசி வணிகர்கள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கென்றால் பாதிக்குப் பாதி. மதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அந்தக் கல், தமிழ் எதிர் சிங்களம், சைவம் எதிர் பௌத்தம் என்று முதலே எழுதி வைத்த எந்தத் திரைக்கதையையும் உடைத்துவிடும். அதனால்தானோ என்னவோ கமராக்கள் அதைத் தாண்டிப் போய்விடுகின்றன. கல் அசைவதும் இல்லை, அழுவதும் இல்லை; படத்துக்கு உதவாது.

அப்படியானால் மதத்தை விமர்சிக்கிற படம் நடுவில் நிற்க வேண்டுமா? இரு தரப்புக்கும் நேரத்தைச் சரிபாதியாய்ப் பிரித்துக் கொடுக்க வேண்டுமா? கூடாது என்பதே என் எண்ணம். நாட்டின் அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்திருக்கிறது. ஒரு மதத்தின் பின்னால் அரசும் படையும் தொல்லியல் திணைக்களமும் நிற்கிறபோது, அதை விமர்சிக்கிற படமும், காப்பார் இல்லாத ஒரு சிறு கோயிலை விமர்சிக்கிற படமும் ஒரே தராசில் ஏறா. நெடுந்தீவில் வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்லும் இடத்தில் இருப்பவை பௌத்த தூபிகளின் எச்சங்கள் என்று தொல்லியலாளர் பலர் சொல்கிறார்கள். இருக்கலாம். தமிழர் பௌத்தராய் இருந்த காலம் ஒன்று இருந்தது. மணிமேகலையே அதற்குச் சாட்சி. ஆனால் 'பௌத்த' என்ற சொல் இங்கே ஒரு பலகையில் ஏறிய உடனே ஊரார் வயிற்றில் புளி கரைப்பது ஏன் என்று கேட்காமல் அந்தக் கற்களை மட்டும் படம் பிடித்துப் போகிறவர் நடுநிலையாளர் இல்லை. 2023 மார்ச்சில் கச்சதீவில் புத்தர் சிலை வைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. நெடுந்தீவுப் பங்கைச் சேர்ந்த அந்தோனியார் கோயிலைத் தவிர வேறு வழிபாட்டிடம் இல்லாத தீவு அது. தங்கள் ஆட்களின் வழிபாட்டுக்காக வைத்தது என்று கடற்படை விளக்கம் சொன்னது. ஒரு சிப்பாய்க்கும் கும்பிட ஓர் இடம் வேண்டும்தான். அந்த ஒரு சிப்பாயையும் அந்தப் பங்கின் கத்தோலிக்க மீனவர் ஒருவரையும் ஒரே படத்தில் பேச விட்டிருந்தால் எவ்வளவு நல்ல படமாக இருந்திருக்கும். ஐந்து நிமிடக் காணொளிகள்தான் வந்தன. எல்லாம் கத்தல்.

நேரத்தைப் பிரிப்பது நியாயம் இல்லை என்றால் நியாயத்துக்கு வேறு என்ன அளவு? அதற்கு நாங்கள் வெளியே போய்த் தேடத் தேவையில்லை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை எழுதியபோது பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பிரித்தார். முதலில் பரபக்கம். உலகாயதரும் பௌத்தரும் சமணரும் பிறரும் என்ன சொல்கிறார்கள் என்பதை அவரவர் பக்கம் நின்று எடுத்துச் சொல்லி, அதற்குப் பிறகுதான் மறுப்பு. தன் கொள்கையை நாட்டும் சுபக்கம் அதற்கும் பின்னால். யாழ்ப்பாணத்தில் கொஞ்சமாவது சைவசித்தாந்தம் படித்தவர்களுக்கு இது தெரியும். அருணந்தியார் நடுநிலையாளர் இல்லை, பச்சைச் சைவர். மறுக்கும்போது தாட்சணியம் பார்க்கவும் இல்லை. ஆனால் எதிராளியின் வாதத்தை முதலில் எடுத்து வைக்கவேண்டும் என்ற ஒழுங்கு அவருக்கு இருந்தது. மணிமேகலையும் அப்படித்தான். வஞ்சியில் அவள் ஒவ்வொரு சமயக்கணக்கரிடமும் போய் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள்; அவரவர் வாயால் சொல்ல வைக்கிறார் சாத்தனார். முடிவில் பௌத்தம்தான் வெல்லும் என்பது எழுதத் தொடங்கும்போதே அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்க வைக்கிறார்.

ஆறுமுக நாவலரை எடுத்துக்கொள்ளுங்கள். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உழைத்தவர். பிறகு 1854இல் சைவ தூஷண பரிகாரம் எழுதினார். மிஷனரிமார் சைவக் கிரியைகளை அநாகரிகம் என்றபோது, உங்கள் வேதத்திலேயே ஆலயமும் பலியும் தூபமும் தீபமும் இல்லையா என்று அவர்களின் புத்தகத்தை வைத்தே கேட்டார். வசையும் நிறைய உண்டு. சாதி விஷயத்தில் நாவலர் நின்ற பக்கம் எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை. ஆனால் தான் தாக்குகிற மதத்தின் நூலை எழுத்தெண்ணிப் படித்தவர் அவர். இன்று ஒரு மதத்தைக் கிழிக்கப் படம் எடுக்க வருகிறவரிடம், நீங்கள் அவர்களின் நூல் ஒன்றையாவது முழுக்கப் படித்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பரபக்க ஒழுங்கைக் கமராவால் செய்ய முடியும் என்பதற்கு நான் கண்ட நல்ல சாட்சி ஆனந்த் பட்வர்தனின் 'ராம் கே நாம்'. அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்படுவதற்கு முன்பே, அத்வானியின் 1990 ரத யாத்திரைக் காலத்தில் எடுக்கப்பட்ட படம். பட்வர்தன் எந்தப் பக்கம் என்பதில் முதல் நிமிடத்திலேயே சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் யாத்திரைக்காரரை மிகக் கடுமையாக விமர்சிக்கிறவர் ஒரு நாத்திகரோ முஸ்லிமோ அல்ல. ராம ஜன்மபூமிக் கோயிலுக்கு நீதிமன்றம் நியமித்த பூசகர் லால்தாஸ். ஒவ்வொரு நாளும் அந்த ராமருக்கே பூசை செய்கிற மனிதர், இது அரசியலுக்காகவும் காசுக்காகவும் நடக்கிறது என்கிறார். நம்பிக்கைக்கு உள்ளே இருந்து வருகிற அந்தக் குரலைப் போய்த் தேடிப் பிடித்ததுதான் பட்வர்தனின் கெட்டித்தனம், நேர்மையும் அதுதான். லால்தாஸ் 1993 நவம்பரில் கொல்லப்பட்டார். படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. ஆனாலும் தூர்தர்ஷனில் வர 1997 வரை, பம்பாய் உயர் நீதிமன்றத்தின் படியேறிக் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே படத்தில் எனக்குப் பிடிக்காத ஓர் இடமும் உண்டு. தெருவில் நிற்கிற இளைஞர்களிடம் ராமர் எந்தக் காலத்தில் பிறந்தார் என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. திரையரங்கில் சிரிப்பு. கமராவைக் கண்டு வந்து நிற்கிற பெடியன்களை மடக்குவது ஒரு வெற்றியா? நல்லூர்த் திருவிழாவில் காவடி எடுக்கிற ஒருவனைப் பிடித்து முருகன் எந்த ஆண்டு பிறந்தார் என்று கேட்டால் அவனும் முழிப்பான். அவனுடைய நம்பிக்கையைப் பற்றி அந்த முழிப்பு எதையும் சொல்லாது. லால்தாஸ் இருக்கிற படத்துக்கு அந்தச் சிரிப்புத் தேவையே இல்லை.

பக்கச்சார்பு விமர்சிக்கிறவர்களின் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1969இல் பிபிசிக்காக மல்கம் மகரிட்ஜ் கல்கத்தாவில் அன்னை தெரேசாவைப் பற்றி ஒரு படம் எடுத்தார். காளிகாட்டில் சாகக் கிடப்பவர்களின் இல்லத்துக்குள் வெளிச்சம் போதாது. ஒன்றும் பதிவாகாது என்றே நினைத்தார்கள். லண்டனில் கழுவிப் பார்த்தால் படம் தெளிவாக இருந்தது. இது தெய்வீக ஒளி என்றார் மகரிட்ஜ். அதை அற்புதம் என்றே எழுதினார். ஒளிப்பதிவாளர் கென் மக்மிலன் பிறகு சொன்ன காரணம் வேறு: கொடாக் நிறுவனத்தின் புதுப் பிலிம் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. மங்கல் ஒளியையும் பிடிக்கக்கூடிய பிலிம். இருபத்தைந்து வருஷம் கழித்து, 1994இல், சனல் 4இல் கிறிஸ்தோபர் ஹிச்சன்ஸின் 'ஹெல்ஸ் ஏஞ்சல்' வந்தது. தலைப்பிலேயே தீர்ப்பு. அந்தப் பிலிம் சுருள் கதையை அவர் வெளியே கொண்டுவந்தது நல்ல காரியம். சர்வாதிகாரிகளின் பணம், நட்பு பற்றிக் கேட்ட கேள்விகளும் கேட்கப்பட வேண்டியவையே. ஆனால் அந்தக் கட்டில்களில் கிடந்தவர்கள் இரண்டு படத்திலும் பெரும்பாலும் பேச்சுப் பொருள்தான், பேசுகிறவர்கள் அல்லர். ஒருவர் அவர்கள்மேல் ஒளியைக் கண்டார். மற்றவர் அவர்களை வைத்து வழக்காடினார். அவர்களில் ஒருவர் தன் வாயால் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் பக்தர், விமர்சகர் இருவருக்குமே வேலை கடினமாகியிருக்கும்.

இனி எங்கள் வீட்டுக்குள் வருவோம்.

2018இல் வரணியில் ஒரு கண்ணகை அம்மன் கோயில் தேரை ஜேசிபி இயந்திரம் இழுக்கிற காணொளி எல்லோர் கைபேசியிலும் வந்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் வடம் பிடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இயந்திரம் வந்தது என்று குற்றச்சாட்டு எழுந்தது. இழுக்க ஆட்கள் இல்லை, இளைஞர்கள் வெளிநாட்டில் என்று மறு தரப்பில் பதில் சொல்லப்பட்டது. மாவிட்டபுரத்தில் 1968இல் கோயில் வாசலில் மறித்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகளும் வாசலுக்கு வெளியே நின்றவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்றும் அதே மண்ணில் இருக்கிறார்கள். ஒரு நல்ல ஆவணப்படத்துக்கு இதைவிடப் பெரிய விஷயம் வேண்டுமா? ஒரு வருஷம் அந்த ஊரில் இருந்து, தேர்க்காரரோடும் வடம் தொடாதவர்களோடும் ஐயரோடும் ஜேசிபி ஓட்டிய பெடியனோடும் கதைத்து ஒருவர் படம் எடுத்திருக்கலாம். கிடைத்ததெல்லாம் அந்தச் சில விநாடிக் காணொளி, அதன்மேல் ஆயிரம் வசை. அப்படி ஒரு படம் வந்திருந்தாலும் எங்கள் ஊர்களில் திரையிட மண்டபம் கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி.

கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். அதே 2018இல் யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழாவில் ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' திரையிட இருந்தது. எதிர்ப்புக் கிளம்பவே கைவிட்டார்கள். அது மதத்தைப் பற்றிய படம் இல்லை, இயக்கங்களைப் பற்றிய படம். ஆனால் எங்கள் மண்ணில் எது புனிதம் என்பது கோயில் மதிலோடு முடிவதில்லை. அந்தப் படத்தோடு எனக்குச் சண்டை நிறைய உண்டு. அந்தச் சண்டையைப் படம் பார்த்தவர்களோடு யாழ்ப்பாணத்து மண்டபத்தில் வைத்துப் பிடிக்கத்தான் விரும்பினேன். கான் விழாவில் பார்க்கலாம், யாழ்ப்பாணத்தில் பார்க்கக்கூடாது என்றால், எங்களைப் பற்றிய படத்துக்கு நாங்கள் சாட்சியும் இல்லை, நடுவரும் இல்லை.

பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதில் நாங்கள் மட்டும் விசேஷம் இல்லை. 2022 ஜூலையில் லீனா மணிமேகலை 'காளி' ஆவணப்படத்தின் சுவரொட்டியை வெளியிட்டார். காளி வேடத்தில் ஒரு பெண் சிகரெட் பிடிக்கிற படம். ரொறன்ரோவில் ஆகாகான் அருங்காட்சியகம் மன்னிப்புக் கேட்டது. இந்தியாவில் பல மாநிலங்களில் பொலிஸ் வழக்கு. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் கைதிலிருந்து இடைக்காலப் பாதுகாப்புக் கொடுத்தது. கத்தியவர்களில் படத்தைப் பார்த்தவர்கள் கை விரலுக்கும் தேறமாட்டார்கள். சுவரொட்டி சரியா பிழையா என்று ஒரு பொழுது வாதிடலாம். படத்தைப் பற்றி வாதிடப் படம் பார்க்க வேண்டும்.

எங்கள் நாட்டில் சட்டமும் பார்க்காமல்தான் ஓடிவருகிறது. சிவில், அரசியல் உரிமைகளைக் காக்கவென்று 2007இல் கொண்டுவந்த 56ஆம் இலக்கச் சட்டத்தை வைத்தே 2019இல் ஒரு சிங்களச் சிறுகதைக்காக சக்திக சத்குமாரவைப் பிடித்து அடைத்தார்கள். 2020 மே மாதம் மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீமைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். அவருடைய 'நவரசம்' தமிழ்க் கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் போதிக்கிறது என்றார்கள். வாசித்த எவருக்கும் அது வன்முறைக்கு எதிரான கவிதைகள் உள்ள நூல் என்பது தெரியும். பிணை கிடைக்க ஒன்றரை வருஷம், விடுதலை ஆக 2023 டிசம்பர். கவிதையைத் தமிழ் தெரிந்தவர் ஒருவர் ஒழுங்காக வாசித்துச் சொல்லியிருந்தால் முடிகிற விஷயம். மொழிபெயர்ப்பில் ஒரு வரியை வெட்டி எடுத்தால் என்ன ஆகும் என்பதை அவர் சிறையில் இருந்து அனுபவித்தார். நான் வேப்பமரத்தின் கீழ் மொழிபெயர்த்த வரி ஒருவரையும் சிறைக்கு அனுப்பவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஆகவே பொலிசும் தணிக்கைச் சபையும் இந்த விஷயத்துக்குள் வரவே கூடாது. நேர்மையில்லாத படத்தையும் திரையிட விடவேண்டும், பார்த்தவர்கள் கிழிக்கட்டும். ஆனால் கிழிக்கிறவர்கள் எதைக் கேட்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும். 'கருத்துக் கூற மறுத்துவிட்டனர்' என்று திரையில் எழுத்து ஓடுகிறதே, எத்தனை தடவை கேட்டார்கள்? எந்த மொழியில்? படம் முடிகிறதற்கு எத்தனை நாள் முன்பு? கோயில் நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு இரண்டு நாள் பொறுத்து அந்த வரியைப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். பிக்குவிடம் கேள்வி கேட்டவருக்குச் சிங்களம் தெரியுமா? பறை ஒலியும் கறுத்த மேகமும் ஆரின் முகத்துக்குப் பின்னால் வருகின்றன, வீணையும் விடியலும் ஆருக்கு? விமர்சிக்கப்படுகிற மதத்துக்குள் இருந்தே அதைக் கேள்வி கேட்கிற ஒருவரைத் தேடினார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் வந்தவர்களுக்கு அவர்களின் ஊரிலேயே அதைப் போட்டுக்காட்டத் துணிவு இருக்கிறதா? அவர்கள் படத்தின் தீர்ப்பை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. 'ஓம், இது நான்தான், நான் சொன்னது இதுதான்' என்று தலையாட்டினால் போதும்.

இப்போது வேலணையிலும் புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் பெடியன்கள் ட்ரோன் வைத்திருக்கிறார்கள்; தேர்த்திருவிழாவை நேரலையில் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் அனுப்புகிறார்கள். வெளியிலிருந்து பெட்டியோடு வருகிறவர்களுக்காகக் காத்திருந்த காலம் போய்விட்டது. கோயிலையும் விகாரையையும் தேவாலயத்தையும் கேள்வி கேட்கிற படங்களை இனி அவர்கள்தான் எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெட்டியதைத் தூக்கி எறியாதீர்கள். படத்துக்குப் பதினான்கு விநாடி போதும் என்றால் எடுங்கள். மிச்சத்தைப் பேசியவர்களின் சம்மதத்தோடு நூலகம் நிறுவனத்தின் எண்ணிம ஆவணகம் போன்ற ஓர் இடத்தில் முழுசாக வையுங்கள். நாளைக்கு ஒருவர் வந்து நீங்கள் எதை விட்டீர்கள் என்று பார்க்கட்டும்.

அப்பு இப்போது இல்லை. அந்த நாற்பது நிமிடத்தின் ஒலிப்பதிவு, மொழிபெயர்க்கவென்று எனக்குத் தந்த பிரதி, இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அவருடைய மகள் கனடாவில். இந்தக் கிழமை அவவுக்கு எழுதிக் கேட்கப்போகிறேன்.